மசாசூசெட்ஸ் போலீஸ் ஓவர்டைம் மோசடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்டனுக்கு மேற்கே குடியிருக்கும் தமிழர்கள் நிறையப் பேருக்கு ஐ-90 டர்ன்பைக் என்ற டோல் நெடுஞ்சாலைதான் தினசரிப் பாதை. எனக்கும் அப்படித்தான். 2018இல் அந்த ரோட்டைக் காவல் காத்த போலீஸ் பிரிவிலேயே ஓவர்டைம் மோசடி வெளியானது, அப்புறம் ஒவ்வொருவராகத் தண்டனை வந்தது, "ஒரு நாள் சிறை" என்று செய்தியில் படித்தவர்கள் கொதித்துப் போனார்கள். இன்றைக்கும் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் அதே கேள்விகள்தான் வருகின்றன, அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, டோல் கட்டுகிறவன், அவ்வளவுதான்.

என்னதான் நடந்தது, சுருக்கமாகச் சொல்லுங்களேன்?

மசாசூசெட்ஸ் மாநிலப் போலீஸில் 'ட்ரூப் ஈ' என்று ஒரு பிரிவு இருந்தது. பாஸ்டனில் தொடங்கி நியூயார்க் மாநில எல்லை வரை 138 மைல் போகும் டர்ன்பைக்கைப் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. 2018 மார்ச்சில், துறை தானே நடத்திய தணிக்கையில், அந்தப் பிரிவைச் சேர்ந்த பலர் வேலைக்கே வராத ஓவர்டைம் நேரத்துக்குச் சம்பளம் வாங்கியிருந்தது தெரிந்தது. முதலில் 21 பேர் என்றார்கள், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் 46இல் நின்றது. ஆளுநர் சார்லி பேக்கரும் அப்போது மாநிலப் போலீஸின் தலைவராக இருந்த கர்னல் கெரி கில்பினும் அடுத்த மாதமே அந்தப் பிரிவையே கலைப்பதாக அறிவித்தார்கள். சிலர் மேல் மத்திய அரசு வழக்குப் போட்டது, சிலர் மேல் மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த மோரா ஹீலி (இப்போதைய ஆளுநர்) அலுவலகம் போட்டது.

வராமலே எப்படிச் சம்பளம் வாங்க முடியும்? யாரும் பார்க்க மாட்டார்களா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

டர்ன்பைக்கில் வேகமாகப் போகிறவர்களைப் பிடித்து விபத்தைக் குறைப்பதற்காக ஒரு தனி ஓவர்டைம் திட்டம் இருந்தது, ஒவ்வொரு ஷிஃப்டும் 4 மணி நேரம். வழக்கமான டூட்டி முடிந்த பிறகோ விடுமுறை நாளிலோ வந்து, ரோட்டில் கூடுதலாக ஒரு போலீஸ் கார் நிற்கிறது என்று ஓட்டுநர்களுக்குத் தெரிகிற மாதிரி ரோந்து போக வேண்டும், வேகமாகப் போகிறவர்களை நிறுத்தி டிக்கெட் (அபராதச் சீட்டு) எழுத வேண்டும். அதற்குத்தான் ஒன்றரை மடங்குச் சம்பளம். அந்தப் பணம் மாநிலப் போக்குவரத்துத் துறையிலிருந்து வந்தது, டர்ன்பைக்கில் டோல் வாங்குவதும் அதே துறைதான்.

மாட்டியவர்களில் சிலர் நான்கு மணி நேர ஷிஃப்டில் கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள், சிலர் வரவே இல்லை. ஆனால் ஷிஃப்ட் முடிந்ததும் "இத்தனை டிக்கெட் எழுதினேன்" என்று காட்ட வேண்டுமே. அதற்காக டிக்கெட்டில் தேதியையும் நேரத்தையும் மாற்றினார்கள். வழக்கமான டூட்டியில் எழுதியதை ஓவர்டைமில் எழுதியதாகக் காட்டினார்கள், எந்த ஓட்டுநருக்கும் கொடுக்கப்படாத டிக்கெட்டுகளையும் கணக்கில் சேர்த்தார்கள்.

ஒரு டிக்கெட்டைக் கையில் எடுத்து யோசித்துப் பாருங்கள். வண்டி நம்பர், ஓட்டுநர் பெயர், இடம், தேதி, மணி, நிமிடம், எழுதியவர் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கிறது. நீங்களோ நானோ அதை எதிர்த்து நீதிமன்றம் போனால் அந்தக் காகிதத்தில் இருப்பதைத்தான் உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள், "நான் அந்த நேரத்தில் அங்கே இல்லை" என்று சொன்னால் நாம்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட ஒரு காகிதத்தில் போலீஸே நேரத்தைத் திருத்தி எழுதியிருக்கிறது. பணம் போனதைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

யாரும் பார்க்க மாட்டார்களா என்றால், பார்க்க வேண்டிய சார்ஜென்ட்டும் லெப்டினன்ட்டும் இருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களிலேயே லெப்டினன்ட் ரேங்கில் இருந்த ஒருவர் உண்டு.

அப்புறம் எப்படி மாட்டினார்கள்?

கணக்கை ஒத்துப் பார்த்ததில்தான். சம்பளப் பதிவில் "4 மணி நேரம் ஓவர்டைம்" என்று இருக்கிறது, அதே நேரத்துக்கு எழுதிய டிக்கெட் இருக்கிறதா, ரோந்துக் காரில் உள்ள ரேடியோ அந்த நேரத்தில் இயங்கியதா என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வண்டி ஓடவே இல்லாத நேரத்துக்குப் பணம் போயிருந்தது. இந்தப் பதிவுகள் எதுவும் புதிதாகக் கண்டுபிடித்தவை இல்லை, எல்லாம் துறையின் கையிலேயே கிடந்தவைதான். பல ஆண்டுகள் யாரும் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை.

எவ்வளவு பணம் போனது?

ஆளுக்கு ஆள் மாறும். வழக்குக்கு வந்தவர்களில் பெரும்பாலும் பத்தாயிரக்கணக்கான டாலர்கள், மூன்று மாதச் சிறை பெற்ற ஒருவர் விஷயத்தில் சுமார் 51,000. இவர்களில் சிலர் ஓவர்டைமும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், அதனால் "வறுமையில் செய்துவிட்டார்கள்" என்று யாரும் வாதாட வழியில்லை.

ரோட்டில் வேலை நடக்கும் இடத்தில் போலீஸ் நிற்கிறார்களே, அதுவும் இந்த ஓவர்டைமா?

இல்லை. அதை இங்கே 'டீட்டெயில்' என்பார்கள். பெரும்பாலும் ரோட்டைத் தோண்டுகிற கம்பெனியோ மின்சார, எரிவாயுக் கம்பெனியோ அதற்குப் பணம் கட்டும். அது வேறு தகராறு.

என்ன தண்டனை கிடைத்தது? "ஒரு நாள்" என்பது உண்மையா?

உண்மைதான். மத்திய நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட டர்ன்பைக் போலீஸ்காரர்களில் பலருக்கு ஒரு நாள் சிறை, அதுவும் 'ஏற்கெனவே அனுபவித்ததாகக் கருதப்படும்' என்ற குறிப்போடு. அதாவது கைதான அன்று கைரேகை எடுத்து, நீதிபதி முன்னால் நிறுத்தி, ஜாமீனில் விட்டார்களே, அந்த நாளே கணக்கில் சேர்ந்துவிட்டது. தீர்ப்பு நாளில் அவர்கள் சிறை வாசலை மிதிக்காமலே வீட்டுக்குப் போகலாம். கூடவே கண்காணிப்புக் காலம் உண்டு, திருடிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். மூன்று மாதம் நிஜமாகவே சிறைக்குப் போனவரும் உண்டு.

இந்த "ஒரு நாள்" வருவதற்குப் பின்னால் ஒரு சட்டச் சங்கதி இருக்கிறது. அமெரிக்க மத்திய சட்டத்தில் விடுதலைக்குப் பிந்தைய கண்காணிப்பு என்பது சிறைத் தண்டனையோடு ஒட்டித்தான் வரும். நீதிபதி ஒருவரைச் சிறைக்கு அனுப்ப விரும்பவில்லை, ஆனால் அந்தக் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்று நினைத்தால், பேருக்கு ஒரு நாள் சிறை விதித்து அது முடிந்துவிட்டதாக எழுதிவிடுவார். போலீஸுக்கென்று கண்டுபிடித்த சலுகை இல்லை இது, மற்றவர்களுக்கும் கிடைத்திருக்கிறது. ஆனால் செய்தியில் "ஒரு நாள்" என்று படிக்கிற மனுஷனுக்கு இந்த விளக்கம் ஆறுதல் தராது, தர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

சட்டப்படி பத்து ஆண்டு வரை கொடுக்கலாமாமே? பத்து ஆண்டு எப்படி ஒரு நாளானது?

இவர்கள் மேல் வந்த குற்றச்சாட்டு, மத்திய அரசின் நிதி பெறும் ஓர் அமைப்பிலிருந்து கையாடல் செய்தது. ஓர் ஆண்டில் 10,000 டாலருக்கு மேல் மத்திய நிதி வாங்கும் அமைப்பிலிருந்து 5,000 டாலரோ அதற்கு மேலோ எடுத்தால் இந்தப் பிரிவு பொருந்தும், உச்சபட்சம் 10 ஆண்டு. ஆனால் உச்சபட்சம் என்பது செய்தியறிக்கையில் வருகிற எண், நிஜத்தில் அவ்வளவு கிடைப்பது அபூர்வம்.

நிஜமான கணக்கு தண்டனை வழிகாட்டி விதிகளில் இருக்கிறது. அது ஒரு மதிப்பெண் முறை. கையாடல் என்றால் 6 புள்ளியில் தொடங்கும். இழப்பு 40,000 டாலரைத் தாண்டி 95,000க்குள் இருந்தால் இன்னும் 6 ஏறும். அரசுப் பொறுப்பில் இருந்து நம்பிக்கையை மோசம் செய்ததற்கு 2 ஏறும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் 2 இறங்கும். ஆக 12 புள்ளி. முன்குற்றம் இல்லாதவருக்கு 12 புள்ளி என்றால் 10 முதல் 16 மாதம். இழப்பு 15,000க்கு மேல் 40,000க்குள் என்றால் 10 புள்ளி, 6 முதல் 12 மாதம், அதையும் வீட்டுக்காவலாக மாற்றிக்கொள்ள விதியிலேயே இடம் இருக்கிறது.

2005இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு இந்த விதிகள் நீதிபதியைக் கட்டாயப்படுத்தாது, ஆலோசனை மட்டும்தான். அதனால் 10 மாதம் என்று விதி சொன்னாலும் நீதிபதி காரணம் சொல்லிக் குறைக்கலாம், குறைத்தார்கள். பத்து ஆண்டிலிருந்து ஒரு நாளுக்கு இறங்கியது என்று சொல்வதைவிட, ஆறு மாதம், பத்து மாதத்திலிருந்து ஒரு நாளுக்கு இறங்கியது என்று சொல்வதுதான் சரியான கணக்கு. அதுவும் சின்ன இறக்கம் இல்லை.

இந்த முறையில் எனக்கு ஒப்பாத இடம் ஒன்று உண்டு. நம்பிக்கை மோசத்துக்கு வெறும் 2 புள்ளி. ஒப்புக்கொண்டதும் அதே 2 புள்ளி போய்விடுகிறது. அப்படியானால் கணக்கில் மிஞ்சுவது டாலர் மட்டும்தான், பொய் டிக்கெட் எழுதிய போலீஸும் முதலாளி காசில் கைவைத்த ஒரு கணக்கரும் கடைசியில் ஒரே எண்ணில் வந்து நிற்கிறார்கள்.

வேலை போச்சு, பெயர் போச்சு, இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறார்களே?

வக்கீல்கள் வழக்கமாக வைக்கும் வாதம் இது. இத்தனை ஆண்டு நல்ல சேவை, குடும்பம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலை போய்விட்டது, இனி போலீஸாக முடியாது, அதனால் மறுபடி இந்தக் குற்றத்தைச் செய்யவே முடியாது. ஒவ்வொன்றும் உண்மையாக இருக்கலாம். நான் அதைத் தள்ளிவிடவில்லை, ஒரு குடும்பம் நிலைகுலைவதைப் பார்த்து சந்தோஷப்படுகிற ஆள் நான் இல்லை.

ஆனால் இந்தக் காரணங்களைப் பாருங்கள். நல்ல வேலை இருந்தது, முன்குற்றம் இல்லை, பரிந்துரைக் கடிதம் எழுத மேலதிகாரிகள் இருக்கிறார்கள். இதெல்லாம் போலீஸாக இருந்ததால் கிடைத்த மதிப்பு. அந்த மதிப்பை வைத்துத்தான் திருடவும் முடிந்தது, அதே மதிப்பை வைத்துத்தான் தண்டனையும் குறைகிறது. வேலையே இல்லாமல், இரண்டு பழைய வழக்கோடு நிற்கிற ஒருவர் இழப்பதற்கு இவ்வளவு வைத்திருக்க மாட்டார், அதனால் அவருக்கு இந்தத் தள்ளுபடியும் கிடைக்காது. மக்கள் கொதிப்பது இந்த இடத்தில்தான், அது நியாயமான கொதிப்பு.

மக்கள் பழிவாங்கத்தானே துடிக்கிறார்கள்? சிறையைக் குறைக்க வேண்டும் என்று சொல்கிறவர்களே இங்கே சிறை கேட்கிறார்களே?

இந்தக் கேள்வியை நண்பர்கள் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஒரு தற்செயலைச் சொல்கிறேன். டர்ன்பைக் பிரிவைக் கலைப்பதாக அறிவித்த அதே 2018 ஏப்ரலில், மசாசூசெட்ஸில் ஒரு குற்றவியல் சீர்திருத்தச் சட்டம் கையெழுத்தானது. அதில் ஒரு ஷரத்து, திருட்டு எவ்வளவுக்கு மேல் போனால் பெருங்குற்றம் என்ற வரம்பை 250 டாலரிலிருந்து 1,200 டாலராக உயர்த்தியது. அதாவது அந்த மாதம் வரைக்கும் ஒரு கடையில் 260 டாலர் பெறும் போனையோ ஒரு ஜாக்கெட்டையோ எடுத்தவர் பெருங்குற்றவாளி, சட்டப்படி ஐந்து ஆண்டு வரை மாநிலச் சிறைக்கு அனுப்பலாம். எல்லோரையும் அனுப்பினார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த முத்திரை விழுந்துவிட்டால் வாடகைக்கு வீடு தேடும்போதும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் கூடவே வரும். குடியுரிமை இல்லாதவர் என்றால் நாட்டில் இருக்க முடியுமா என்பதே கேள்வியாகும், இது நம் ஆட்கள் எல்லோருக்கும் நன்றாகவே தெரியும்.

இதைப் பார்த்த கண்ணால் 51,000 டாலருக்கு மூன்று மாதம் என்பதையும் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் கருணை காட்டு என்றால் யாரும் கோபப்பட மாட்டார்கள். கருணை ஒரு பக்கம் மட்டும் போகிறது என்பதுதான் புகார். நான் பேசிய வரையில் யாரும் பத்து ஆண்டு கொடு என்று கேட்கவில்லை. சாதாரண ஆளுக்கு என்ன கொடுப்பாயோ அதைக் கொடு என்கிறார்கள்.

எல்லா ஆபீஸிலும்தான் மணிக்கணக்கில் ஏமாற்றுகிறார்கள். இதை மட்டும் ஏன் பெரிதாக்க வேண்டும்?

ஆபீஸில் அரை மணி நேரம் முன்னால் கிளம்புகிறவர் எழுதிய காகிதத்தை வைத்து யாருடைய லைசென்ஸையும் பறிக்க மாட்டார்கள், யாரையும் கைது செய்ய மாட்டார்கள். போலீஸின் வார்த்தையை வைத்துச் செய்வார்கள். இவர்களுடைய வேலையே நடந்ததை நடந்தபடி எழுதுவது.

இன்னொன்று. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1963, 1972 தீர்ப்புகளின்படி, ஒரு சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைக்கும் தகவல் அரசுத் தரப்பிடம் இருந்தால் அதை எதிர்த்தரப்புக்குச் சொல்லியாக வேண்டும். சம்பளத்துக்காகப் பொய் டிக்கெட் எழுதிய போலீஸ்காரர் வேறு எந்த வழக்கில் சாட்சி சொல்லியிருந்தாலும் அங்கேயும் சந்தேகம் ஒட்டிக்கொள்ளும். ஓவர்டைம் காசு திரும்பி வந்துவிடும். அந்தச் சந்தேகத்துக்கு யார் ஈடு கட்டுவது?

அப்புறம் டர்ன்பைக்கில் அந்த நேரத்தில் கார் நிற்கவே இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. விபத்தைக் குறைக்கத்தான் அந்தத் திட்டம். காசு போனதும் உண்மை, காவல் இல்லாமல் போனதும் உண்மை.

46 பேர் என்றார்கள். எல்லோர் மேலும் வழக்கு வந்ததா?

இல்லை, பெரும்பாலோர் மேல் குற்ற வழக்கு வரவே இல்லை. நீதிமன்றம் வரை வந்தவர்கள் அதில் சிறு பகுதிதான். பலர் ஓய்வு பெற்றுப் போனார்கள், மற்றவர்கள் மேல் துறைக்குள்ளேயே ஒழுங்கு நடவடிக்கை. உள் விசாரணை நடந்து முடிவதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. தண்டனை குறைவு என்ற கோபத்தைவிட இது பெரிதாக வர வேண்டிய கோபம், ஆனால் தலைப்புச் செய்தியில் "ஒரு நாள்" இருப்பதால் எல்லோர் பார்வையும் அங்கேயே நின்றுவிடுகிறது.

பென்ஷன் போய்விடுமா?

மசாசூசெட்ஸ் சட்டப்படி, அரசு ஊழியர் தன் பதவி சம்பந்தப்பட்ட குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் பென்ஷனை இழப்பார், தான் கட்டிய தொகை மட்டும் வட்டியில்லாமல் திரும்பக் கிடைக்கும். போலீஸ் பென்ஷன் பல லட்சம் டாலர் பெறும் என்பதால் ஒரு நாள் சிறையைவிட இதுதான் நிஜமான அடி. தண்டனையே இல்லை என்று சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இதுவும் உறுதி இல்லை. 2016இல் பீபடி ஊரைச் சேர்ந்த ஒரு போலீஸ் லெப்டினன்ட் வழக்கில், முழுப் பென்ஷனையும் பறிப்பது அமெரிக்க அரசியலமைப்பின் எட்டாவது திருத்தம் தடுக்கும் 'அளவு மீறிய அபராதம்' என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் பதவி உயர்வுத் தேர்வு மதிப்பெண்களை மற்றவர்கள் பெயரில் புகுந்து பார்த்தவர், பணம் திருடவில்லை. பணம் திருடிய வழக்குக்கு அதே தராசு பொருந்துமா என்று வாதாட இடம் இருக்கிறது, அதனால் ஒவ்வொரு பென்ஷனும் தனித்தனிச் சண்டையாகிறது. வழக்கே வராமல் ஓய்வு பெற்றவருக்கோ இந்தச் சண்டையே இல்லை, மாதாமாதம் பணம் வந்துவிடும்.

ஓவர்டைம் திருட்டுக்குக் கடுமையான தண்டனை கிடைத்ததே இல்லையா?

கிடைத்திருக்கிறது, அதைப் பார்த்தால்தான் நீதிமன்றம் எதைப் பெரிதாக எடுக்கிறது என்று புரியும்.

இதே மசாசூசெட்ஸ் போலீஸில், ஃப்ரேமிங்கம் தலைமையகத்தில் போக்குவரத்துத் திட்டங்களைப் பார்த்துக்கொண்ட ஒரு லெப்டினன்ட்டும் ஒரு சார்ஜென்ட்டும். மத்திய அரசு சாலைப் பாதுகாப்புக்குக் கொடுத்த நிதியில் ஓவர்டைம் போட்டுக்கொண்டு, தாமதமாக வந்து சீக்கிரம் போவதை வழக்கமாக்கி வைத்திருந்தார்கள், கீழே இருந்தவர்களையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். டர்ன்பைக் விவகாரம் வெடித்ததும் ஆவணங்களைக் கிழித்தும் எரித்தும் அழித்தார்கள். லெப்டினன்ட் தனியாக ஒரு செக்யூரிட்டி கம்பெனி நடத்தி அந்த வருமானத்தை வரித்துறைக்கு மறைத்திருந்தார். 2024இல் அவருக்கு 5 ஆண்டு, சார்ஜென்ட்டுக்கு 3 ஆண்டு விதிக்கப்பட்டது.

பால்டிமோர் கதை இன்னும் மோசம். அங்கே சட்டவிரோதத் துப்பாக்கிகளைத் தேடிப் பறிமுதல் செய்வதற்கென்று இருந்த சிறப்புப் போலீஸ் படை ஒன்று 2017 மார்ச்சில் கூண்டோடு கைதானது. ஊரிலேயே இல்லாமல் கடற்கரையில் விடுமுறையில் இருந்த நாட்களுக்கும் ஓவர்டைம் வாங்கியவர்கள் அவர்கள். ஆனால் படைத்தலைவரான சார்ஜென்ட் 25 ஆண்டு வாங்கியது ஓவர்டைமுக்காக மட்டும் இல்லை, மக்களிடம் கொள்ளையடித்தார்கள், போதைப்பொருளைத் திருடி விற்றார்கள், பொய்யாக ஆதாரம் வைத்தார்கள். ஓவர்டைம் திருட்டு அந்தப் பெரிய பட்டியலில் ஒன்று.

ஆக, நேரத்தை மட்டும் திருடி, பிடிபட்டதும் ஒப்புக்கொண்டால் லேசாகப் போகும். ஆதாரத்தை அழித்தால், மற்றவரையும் இழுத்தால், வரி ஏய்த்தால் ஆண்டுக் கணக்கில் போகும். இந்த வித்தியாசம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் பொய் டிக்கெட் என்பதே பொய் ஆதாரம்தானே, அது ஏன் அந்த இரண்டாவது பக்கத்தில் சேரவில்லை என்பதற்கு எனக்கு இன்னும் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

மசாசூசெட்ஸில் இது ஒரு பிரிவோடு முடிந்த கதைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. 2020 செப்டம்பரில் பாஸ்டன் நகரப் போலீஸில், ஹைட் பார்க்கில் உள்ள ஆதாரக் கிடங்கில் வேலை பார்த்த, பார்த்து ஓய்வு பெற்ற ஒன்பது பேர் மேல் வழக்கு வந்தது, இரண்டு லட்சம் டாலருக்கு மேல். பழைய ஆதாரங்களை அப்புறப்படுத்த மாலை 4 முதல் 8 வரை ஓவர்டைம். 8 மணி வரை வேலை பார்த்ததாகச் சீட்டு எழுதியிருக்கிறார்கள், ஆனால் கட்டடத்தின் அலாரம் பல நாட்களில் அதற்கு வெகு முன்பே போடப்பட்டிருக்கிறது. உள்ளே ஆள் இருந்தால் அலாரம் போட முடியாது. இங்கேயும் பதிவு பக்கத்திலேயே இருந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஓவர்டைமையே நிறுத்திவிட்டால் என்ன?

முடியாது. ஆள் பற்றாக்குறை, திருவிழா, பனிப்புயல், நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போவது எல்லாம் ஓவர்டைமில்தான் ஓடுகிறது. நேர்மையாக அந்தப் பனியில் நின்ற போலீஸ்காரர்களும் இருக்கிறார்கள், இந்த விவகாரத்தில் அதிகம் கூனிக் குறுகியது அவர்கள்தான்.

ஏதாவது மாறியதா?

மாறியது. ட்ரூப் ஈ இல்லை. ரோந்துக் கார் எங்கே இருக்கிறது என்று காட்டும் இருப்பிடக் கருவியை 2018இலேயே இயக்கத் தொடங்கினார்கள். பாஸ்டனின் லோகன் விமான நிலையத்தைக் காக்கும் மாநிலப் போலீஸ் பிரிவின் சம்பள விவரம் பல ஆண்டுகள் மாநிலக் கணக்குத் தளத்தில் வராமலே இருந்ததும் அந்த நேரத்தில்தான் வெளியே வந்தது, அதையும் பொதுவில் போட வேண்டியதாயிற்று. 2020 டிசம்பர் 31இல் கையெழுத்தான போலீஸ் சீர்திருத்தச் சட்டம், போலீஸ்காரரின் சான்றிதழைப் பறிக்க அதிகாரம் உள்ள ஓர் ஆணையத்தை உருவாக்கியது, வேலை நேரத்தைப் பொய்யாகக் காட்டினால் மூன்று மடங்கு அபராதமோ சிறையோ என்று தனியாகவே எழுதி வைத்தது, துறைக்கு வெளியிலிருந்து தலைவரைக் கொண்டுவரவும் வழி திறந்தது. அந்த வழியில் 2024இல் நியூஜெர்சியிலிருந்து வந்தவர்தான் கர்னல் ஜெஃப்ரி நோபிள்.

தண்டனை நீளத்தைவிட இந்த மாற்றங்கள்தான் முக்கியம் என்பது என் கட்சி. மூன்று மாதம் பதினைந்து மாதமாக ஆகியிருந்தால் அந்த வாரம் நமக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கார் எங்கே நின்றது என்பதைச் சம்பளப் பட்டியலோடு ஒவ்வொரு மாதமும் யாராவது வெளியாள் ஒத்துப் பார்த்தால் திருட்டே நடக்காது. இருப்பிடக் கருவி இருந்தால் மட்டும் போதாது, ரேடியோப் பதிவும் அலாரப் பதிவும் இருந்தும்தானே ஆண்டுக்கணக்கில் நடந்தது.

நம்மைப் போன்ற ஆட்கள் என்ன செய்ய முடியும்?

இங்கே குடியிருக்கிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். மாநிலக் கணக்காயர் நடத்தும் 'சீத்ரூ' (CTHRU) தளத்தில் எல்லா மாநில ஊழியர்களின் சம்பளமும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கணக்குத் தொடங்க வேண்டாம், குடியுரிமை கேட்க மாட்டார்கள். போலீஸ் துறையைத் தேர்ந்தெடுத்து, அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், மற்றவை என்று தனித்தனியாக இருக்கும் பத்திகளில் ஓவர்டைமை மட்டும் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். ஓவர்டைம் அதிகம் என்பதாலேயே யாரும் திருடர் இல்லை, இதைப் பகிரும்போது ஒரு பெயரைப் போட்டுக் குற்றம் சாட்டிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளத்தையே ஓவர்டைம் தாண்டுகிறதா, ஒரே பிரிவில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்களா, ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் தொகுதி மாநிலப் பிரதிநிதிக்கு எழுதிக் கேளுங்கள், பதில் வரும் வரை கேளுங்கள்.

தீர்ப்பு சொல்லும் விசாரணைகளும் பொதுவில்தான் நடக்கின்றன. பாஸ்டன் துறைமுகத்தை ஒட்டிய மோக்லி மத்திய நீதிமன்றத்தில் வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்காரலாம். இது மாதிரி வழக்குகளில் போலீஸ்காரரின் உறவினரும் நண்பர்களும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், அது அவர்கள் உரிமை. டோல் கட்டினவர்கள் பக்கம் காலியாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, வேலை நாள் என்பதுதான் சிக்கல், முடிந்தவர்கள் போங்கள்.